பாட்டிலில் எழுதியிருப்பது ஊரா, திராட்சையா?

பயணிகள் கப்பலில் ஒயின் பிரிவு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்த பிறகும் ஒரு வேலை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. யார் வீட்டுக்காவது இத்தாலியன் ஒயின் வந்துவிட்டால் லேபிளைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸப்பில் தட்டிவிடுவார்கள். குளச்சல், முட்டம், கருங்கல் பக்கமெல்லாம் கப்பலுக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகாத வீடு குறைவு. ரோமில் படிக்கப் போன சாமியார்மார், மடத்துச் சிஸ்டர்மார் வேறு. லீவுக்கு வருகிறவர்கள் சாக்லேட்டோடு ஒரு பாட்டிலும் கொண்டுவருவார்கள். படத்துக்குக் கீழே எப்போதும் ஒரே கேள்வி: "அண்ணே, இது நல்லதா?"

லேபிளைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு ஜோசியம் தெரியாது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் உள்ளே என்ன இருக்கிறது, எங்கே விளைந்தது, எதோடு வைத்துச் சாப்பிடலாம் என்பது முக்கால்வாசி விளங்கிவிடும். முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பெயர் ஊர்ப் பெயரா, திராட்சைப் பெயரா?

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. திங்கள்சந்தையில் வாழைக்குலைக் கடைக்குப் போய் சும்மா "பழம் தாருங்க" என்றால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். மட்டியா, ஏத்தனா, செந்துளுவனா, ரசகதலியா, பாளையங்கோட்டானா என்று ரகம் சொல்லவேண்டும். மட்டி என்றால் எந்தப் பக்கத்து மட்டி என்பது அடுத்த பேச்சு. கல்குளம், விளவங்கோடு தாலுகா மண்ணில் விளைந்தால்தான் அந்த மணம். கன்றைத் தோண்டிக்கொண்டுபோய் வேறு ஊரில் வைத்தால் வாழை வரும், மட்டி வராது என்பது எங்கள் அப்பாவின் கட்சி. 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "இது கெவர்மெண்டுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்காக்கும்" என்றார். ரகம் பாதி, மண் பாதி. இத்தாலிக்காரர்கள் ஒயினுக்கு இதை 1963-லேயே சட்டமாக எழுதிவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் வந்ததுதான் லேபிளில் காணும் டி.ஓ.சி என்ற மூன்றெழுத்து. எந்த எல்லைக்குள் கொடி நிற்கவேண்டும், எந்த ரகம் எத்தனை சதவீதம், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு பறிக்கலாம், பீப்பாயில் எத்தனை மாதம் கிடக்கவேண்டும் என்று ஒவ்வொரு ஒயினுக்கும் தனித்தனி விதி. கடைசியில் இன்னொரு ஜி சேர்ந்து டி.ஓ.சி.ஜி என்று இருந்தால் கெடுபிடி அதிகம். பாட்டில் கழுத்தில் எண் போட்ட அரசு சீட்டு ஒட்டியிருக்கும். 1980-ல் முதன்முதலாக அந்த ஜி வாங்கியவற்றில் பரோலோ, புருனெல்லோ என்ற சிவப்பு ஒயின்களும் உண்டு. ஐ.ஜி.டி என்பது 1992-ல் வந்தது, அதில் விதி தளர்வு. இதெல்லாம் ருசிக்குப் போட்ட மார்க் இல்லை. சொன்ன ஊரில், சொன்ன முறைப்படி செய்தார்கள் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். வாயில் வைக்க முடியாத டி.ஓ.சி.ஜி-யும் உண்டு, அருமையான ஐ.ஜி.டி-யும் உண்டு.

இத்தாலியில் 20 மாநிலங்கள். இருபதிலும் ஒயின் செய்கிறார்கள். அரசுப் பதிவேட்டில் ஏறிய ஒயின் திராட்சை ரகங்களே 500-ஐத் தாண்டும். மனப்பாடம் செய்யப் போனால் தலை சுற்றும். என்னைக் கேட்டால் வடமேற்கு மூலையில் இருக்கும் பியேமோந்தேயில் தொடங்கலாம். அங்கே ஊர்ப் பெயர் ஒயினும் திராட்சைப் பெயர் ஒயினும் பக்கத்துப் பக்கத்துக் குன்றுகளிலேயே கிடைக்கும்.

எங்கள் கப்பலில் ஒயின் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அந்த மாநிலத்து ஆல்பா ஊர்க்காரர். வாயைத் திறந்தால் பரோலோ புராணம்தான். புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையாக நிறுத்தி, கிளாஸில் இரண்டு விரல் உயரம் ஊற்றி, வெள்ளை மேஜை விரிப்பின் மேல் சாய்த்துப் பிடிக்கச் சொல்வார். பரோலோ செய்யும் நெபியோலோ என்ற திராட்சையின் நிறம் ஆளை ஏமாற்றும். ஓரத்தில் வெளிறிய செங்கல் நிறம். கிளாஸுக்கு அடியில் விரலை வைத்தால் நகம் தெரியும். இவ்வளவு விலை கொடுத்துத் தண்ணீர் கலந்ததா வாங்கினோம் என்று முகம் சுளித்த பயணிகள் உண்டு. மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த ரோஜாவும், ரோடு போடும்போது வரும் தார் வாசனையும் சேர்ந்து அடிக்கும். தார் வாசனைக்கா இத்தனை விலை என்று கேட்காதீர்கள், அதைத்தான் உலகம் பூராவும் மெச்சுகிறார்கள். வாயில் விட்டதும்தான் விஷயம் தெரியும். ஈறு இழுத்துப் பிடிக்கும், நாக்கு வறண்டுபோகும். அப்படி ஒரு துவர்ப்பு. தலைவர் உடனே ஒரு துண்டு பழைய சீஸை நீட்டுவார். சீஸை மென்றுவிட்டு மறுபடி குடித்தால் துவர்ப்பு பாதியாய் இறங்கி, பின்னால் ஒளிந்திருந்த பழ ருசி மேலே வரும். இதற்கு மேல் பாடம் நடத்த மாட்டார்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்குவது அந்தத் துவர்ப்பு. நெபியோலோவில் அது அளவுக்கு மேல் என்பதால்தான் பரோலோவை அறுவடைக்குப் பிறகு 38 மாதம் வைத்திருந்துதான் விற்கவேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில், என்று விதி. சற்றுத் தள்ளி இருக்கும் பார்பரெஸ்கோவும் முழுக்க நெபியோலோதான், ஆனால் அதற்கு 26 மாதம் போதும். ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் பறிக்கவும் கூடாது. இவ்வளவும் இருக்க, பாட்டிலில் நெபியோலோ என்ற பெயரே இருக்காது. பரோலோ ஒரு ஊர், பார்பரெஸ்கோ ஒரு ஊர். தெரிந்தவன் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

அதே மாநிலத்தில் பார்பேரா தாஸ்டி என்று இன்னொரு பாட்டில். பார்பேரா திராட்சை, ஆஸ்டி ஊர். டொல்செட்டோ தால்பா என்றால் ஆல்பாவின் டொல்செட்டோ. ஆக, நடுவில் "தி" என்றோ ஒரு ஒற்றை "த்" என்றோ வந்தால் முன்னால் இருப்பது திராட்சை, பின்னால் இருப்பது ஊர் என்று பலரும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் வரும். கவிழ்வது மொந்தேபுல்ச்சானோவில்.

மொந்தேபுல்ச்சானோ தாப்ருட்சோ என்பது கிழக்குக் கரையில் இருக்கும் அப்ருட்சோ மாநிலத்து ஒயின். மொந்தேபுல்ச்சானோ என்ற திராட்சை. கருஞ்சிவப்பு, பழச் சுவை தூக்கல், பெரும்பாலும் மலிவு. வினோ நோபிலே தி மொந்தேபுல்ச்சானோ என்பது நடு இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் மொந்தேபுல்ச்சானோ என்ற குன்றின்மேல் ஊரில் செய்வது. அதில் அந்தத் திராட்சையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சாஞ்சோவேசே என்ற வேறு திராட்சை குறைந்தது 70 சதவீதம். அந்த ஊரில் அதற்குப் புருன்யோலோ ஜென்டிலே என்று இன்னொரு பெயர் வேறு. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கப்பலில் இதை வைத்தே நிறைய பஞ்சாயத்து நடக்கும். முந்தின இரவு ஊரில் மலிவாகக் குடித்த மொந்தேபுல்ச்சானோ இங்கே ஏன் இந்த விலை என்று மேஜையில் குரல் உயரும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு என்று இரண்டு பாட்டில்களையும் கொண்டுவந்து காட்டினால்தான் அடங்குவார்கள்.

சாஞ்சோவேசே டஸ்கனி முழுவதும் இருக்கிறது, பாதி இடங்களில் தன் பெயரை வெளியே சொல்வதில்லை. கியாந்தி என்ற ஒயினில் குறைந்தது 70 சதவீதம் அதுதான். ஃபுளோரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவே இருக்கும் பழைய பகுதியில் செய்தது கியாந்தி கிளாசிக்கோ, அதில் 80. கழுத்தில் கறுப்புச் சேவல் படம் இருந்தால் கிளாசிக்கோ என்று அடையாளம். 1716-லேயே அங்கிருந்த ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ எல்லை வரைந்து ஆணை போட்டிருக்கிறார். மொந்தால்சீனோ ஊரின் புருனெல்லோ என்றால் நூறு சதவீதம் சாஞ்சோவேசே, அறுவடைக்குப் பின் ஐந்தாவது வருடம் ஜனவரியில்தான் கடைக்கு வரும். மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துக் குடித்தால் ஒரே திராட்சை என்று சட்டெனச் சொல்ல வராது. ஆனால் புளிப்பைக் கவனித்தால் பிடித்துவிடலாம். மூன்றிலும் எச்சில் ஊறும். கூடச் சாப்பாடு இல்லாமல் கியாந்தியைக் குடிப்பது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம்.

இந்த விதிகளையெல்லாம் என் மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது சசிக்காயா என்ற ஒயினின் கதையைக் கேட்டுவிட்டு ஒரேயடியாகச் சிரித்தான். டஸ்கனிக் கடற்கரையில் பொல்கெரி பக்கம் ஒரு பிரபு குடும்பம் உள்ளூர் திராட்சையை விட்டுவிட்டு பிரெஞ்சுக்காரர்களின் கபெர்னே நட்டது. 1968 அறுவடையை முதன்முதலாக வெளியே விற்றார்கள். விதியில் கபெர்னேக்கு இடமில்லை, அதனால் லேபிளில் சாதாரண மேஜை ஒயின் என்றுதான் போடமுடிந்தது. விலையோ பெரிய பெரிய டி.ஓ.சி-க்களைத் தாண்டிப் போனது. 1994-ல் பொல்கெரி டி.ஓ.சி-க்குள் அதற்கென்றே தனிப் பிரிவு வந்தது, 2013-ல் அதுவே தனி டி.ஓ.சி ஆனது.

"அப்போ ரூல் எதுக்கு மாமா?" என்றான்.

"ரூலை மீறினவன் செயிச்சுட்டான்னா ரூல் அவன் பின்னால வரும் மக்கா" என்றேன்.

வடகிழக்கே வெனெட்டோவில் ஊரா திராட்சையா என்ற சண்டை கோர்ட்டு கச்சேரிக்குப் பயந்து முடிவானது. புரொசெக்கோ என்பது 2009 வரை திராட்சையின் பெயர். திராட்சைப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஆஸ்திரேலியாக்காரனும் போடலாம். ஊர்ப் பெயரென்றால் சட்டம் காக்கும். திரியெஸ்தே அருகில் புரொசெக்கோ என்று ஒரு சிற்றூர் இருந்தது வசதியாகப் போயிற்று. திராட்சைக்குக் கிளேரா என்று பழைய பெயர் ஒன்றைத் தூசி தட்டிச் சூட்டிவிட்டு, புரொசெக்கோவை ஊர்ப் பெயராக்கி, இரண்டு மாநிலங்களில் ஒன்பது மாவட்டங்களுக்கு எல்லை போட்டார்கள். நுரை பொங்கும் இந்த ஒயினை பாட்டிலுக்குள் நொதிக்க விடாமல் பெரிய அழுத்தத் தொட்டியில் நொதிக்க வைக்கிறார்கள். அதனால் விலை குறைவு, பச்சை ஆப்பிள் மாதிரி புதுசாக இருக்கும், வருடக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்க ஏற்றதல்ல.

அங்கேயே வல்போலிச்செல்லாவில் அமரோனே செய்கிறார்கள். கொர்வீனா முதலான திராட்சைக் குலைகளைப் பறித்ததும் பிழியாமல், காற்றோட்டமான மாடியில் தட்டுகளில் பரப்பி மூன்று நான்கு மாதம் வாடவிடுவார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சர்க்கரை செறிந்த அந்தச் சாற்றை முழுக்க நொதிக்கவிட்டால் அமரோனே. போதை 14 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 16 வரை சாதாரணமாகப் போகும். பாதியில் நிறுத்தி இனிப்பை மிச்சம் வைத்தால் ரெச்சோத்தோ. அமரோனே வடித்தபின் மிஞ்சும் சக்கைமேல் சாதாரண வல்போலிச்செல்லா ஒயினை ஊற்றி இன்னொரு தடவை நொதிக்கவிட்டால் ரிபாசோ. டியூட்டி ஃப்ரீயில் கை நீளும் இடம் எப்போதும் அமரோனேதான். என்னைக் கேட்டால் ரிபாசோவை எடுப்பேன். விலை பாதிக்குப் பக்கம், சாப்பாட்டோடு ஒத்தும் போகும்.

வெனெட்டோவை விட்டு மேற்கே கார்டா ஏரிக்குப் போனால் தென்கரையில் லுகானா என்று ஒரு வெள்ளை ஒயின். துர்பியானா திராட்சை. அதற்குக் கொஞ்சம் தெற்கே காஸ்டிலியோனே தெல்லே ஸ்டிவியேரே என்ற ஊர் இருக்கிறது. 1680-ல் நம் வீரமாமுனிவர் பிறந்த ஊர் அதுதான். தேம்பாவணி ஊரில் நின்று லுகானா குடிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை; கப்பல்காரனுக்குத் துறைமுகத்தை விட்டு அவ்வளவு தூரம் போக எங்கே நேரம்? ஏரிக்கு வடக்கே ஏறினால் ஆல்டோ அடிஜே. முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவில் இருந்த பகுதி, இன்றும் பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன், லேபிளிலும் இரண்டு மொழி. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அங்கே விளையும் ஸ்கியாவா என்ற திராட்சையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

தெற்கே போகப் போக வெயில் ஏறும், திராட்சையும் மாறும். நேப்பிள்ஸில் கப்பல் கட்டினால் வெசுவியஸ் எரிமலை எதிரே நிற்கும். அதன் சரிவில் செய்யும் ஒயினுக்கு கிறிஸ்துவின் கண்ணீர் என்று பெயர். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெயருக்காகவே பிடித்துப்போகும். உள்நாட்டு மலைகளில் அல்யானிக்கோ திராட்சை, அதிலிருந்து தவுராசி. நெபியோலோவுக்குச் சளைக்காத துவர்ப்பு. இத்தாலியின் குதிகாலான புலியாவில் பிரிமிதீவோ. அமெரிக்கர்கள் எங்கள் திராட்சை என்று கொண்டாடும் சின்ஃபண்டெலும் இதுவும் ஒன்றே என்று மரபணு ஆய்வில் தெரிந்தது, பூர்வீகம் குரோவேஷியா. சிசிலியில் நெரோ தாவோலா எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தத் தீவில் நான் தேடுவது எட்னா எரிமலைச் சரிவில் ஆயிரம் மீட்டர் உயரம் வரை விளையும் நெரெல்லோ மஸ்கலேசே. தென்கோடி வெயிலில் இவ்வளவு மெல்லிய சிவப்பு ஒயின் வருமா என்று இருக்கும்.

சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே பந்தெல்லேரியா என்று ஒரு சின்னத் தீவு. ஆரல்வாய்மொழிக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தீவின் காற்றை விளக்கவேண்டாம். பந்தல் போட்டால் நிற்காது. அதனால் தரையில் குழி பறித்து, குழிக்குள் குத்துச்செடியாகத் திராட்சையை வளர்க்கிறார்கள். 2014-ல் யுனெஸ்கோ அந்த நடவு முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. திராட்சையின் பெயர் சிபிப்போ. வெளியுலகத்துக்கு அலெக்சாண்டிரியா மஸ்கட்.

இனிமேல்தான் எங்கள் வீட்டுக் கதை. டிசம்பர் பிறந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் பரணி ஜாடியைக் கழுவிக் காயவைப்பார்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு, ஈஸ்ட். துணி கட்டி இருட்டறையில் வைத்து, தினமும் மரக்கரண்டியால் கிண்டி, கிறிஸ்துமஸுக்கு வடிகட்டினால் கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸ். (பூசைக்கு இது ஆகாது. திராட்சையில் இருந்து மட்டும் இயற்கையாக வந்த ஒயின்தான் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இத்தாலியிலும் ஒயினில் சர்க்கரை கொட்டச் சட்டம் விடாது.) அந்தப் பன்னீர் திராட்சையின் ஒயின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் தாய் தகப்பன் யார் என்று மரபணுவில் பார்த்திருக்கிறார்கள்: ஒன்று ஸ்கியாவா வகையைச் சேர்ந்த ஸ்கியாவா குரோசா, மற்றது அலெக்சாண்டிரியா மஸ்கட், அதாவது சிபிப்போ. அந்த அலெக்சாண்டிரியா மஸ்கட்டுக்குப் பெற்றோரில் ஒன்று ஆஸ்டியில் விளையும் வெள்ளை மொஸ்காட்டோ. என் சித்தி வீட்டுப் பரணிக்குள் வடக்கு மலையும் தெற்குத் தீவும் பியேமோந்தேக் குன்றும் கூடிக் கிடக்கின்றன. சித்தியிடம் சொன்னேன். "அப்போ அடுத்த வருசம் சீனியைக் குறைச்சுப் போடவா?" என்றார்.

சித்திக்கு நான் ஊற்றிக்கொடுத்ததும் மொஸ்காட்டோ தாஸ்டிதான். போதை 6.5 சதவீதத்தைத் தாண்டாது, மெல்லிய நுரை, பன்னீர் திராட்சையின் அதே வாசனை. ஒயினே தொடாதவர்களுக்கு இதில் தொடங்குவேன், பரோலோவில் தொடங்கவே மாட்டேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். துவர்ப்பும் மிளகாயும் எதிரிகள். புளிமுளம் என்ற மீன் கறியோடு பரோலோ குடித்தால் எரிச்சல் இரட்டிப்பாகும், மீனும் இரும்பு ருசிக்கும். தேங்காய் அரைத்த மீன் குழம்புக்கும் நெத்தலி அவியலுக்கும் புளிப்புள்ள வெள்ளை ஒயின்தான். மார்க்கே மாநிலத்து வெர்திக்கியோ, நேப்பிள்ஸ் பக்கத்து ஃபியானோ, சார்டீனியாவின் வெர்மெந்தீனோ எதுவும் சரி. தேங்காய்க் கீற்று போட்டு வறுத்த மாட்டிறைச்சிக்கு எமிலியாவின் லம்புருஸ்கோ. நுரையுள்ள சிவப்பு ஒயின் என்று மேட்டுக்குடி ஆட்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், கொழுப்பை அப்படி அறுத்துக் கொடுக்கும் இன்னொன்றை நான் பார்க்கவில்லை. பார்பேராவும் நல்லது, புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு.

கடைசியாக ஷோகேஸ் விஷயம். மாதா சுரூபத்துக்கும் சங்குக்கும் நடுவில், டியூப் லைட்டுக்குக் கீழே, ஒயின் பாட்டிலை நிறுத்தி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. விஸ்கி தாங்கும், ஒயின் நம் ஊர்ச் சூட்டில் வெந்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கப் போடுங்கள். சிவப்பையும் குடிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் வெளியே எடுக்கவேண்டும். புத்தகத்தில் அறை வெப்பம் என்று போட்டிருப்பது ஐரோப்பாக்காரன் அறை. திறந்த அமரோனேயை ஒரே ராத்திரியில் தீர்க்கவேண்டும் என்று இல்லை, கார்க்கைத் திருப்பி அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். புரொசெக்கோ நிற்காது, அதை ஆள் கூடும் நாளில் திறங்கள்.